எடுத்தலும் கொள்ளுதலும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆங்கிலத்தில் ‘டேக்’ என்னும் வினைக்கு அகராதியில் பொருள் நீண்டுகொண்டே போகிறது. மருந்து, ரயில், தேர்வு, ஓய்வு, புகைப்படம் என எதனோடும் அது வந்து நிற்கிறது. ‘எடு’ என்று பொருள் கொண்டால் பாதி இடங்களில் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதுதான் வழியா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வினையை விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். கையால் ஒன்றை எடுப்பது, ஓரிடத்துக்குக் கொண்டுபோவது போன்ற இடங்களில்தான் ‘டேக்’ தன் முழுப் பொருளோடு நிற்கிறது. மற்றப் பல இடங்களில் அது தன் பொருளை இழந்து, காலத்தையும் எண்ணையும் மட்டும் சுமந்துகொண்டு, செயல் எது என்று சொல்லும் பொறுப்பைப் பெயரிடம் விட்டுவிடுகிறது. டென்மார்க் அறிஞர் ஓட்டோ எஸ்பர்சன் 1942இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கணத் தொகுதியில் இத்தகைய வினைகளை ‘லைட் வெர்ப்’, அதாவது பொருட்கனம் குறைந்த வினை, என்று அழைத்தார்.

ஆகவே ‘டேக் எ ரெஸ்ட்’ என்றால் ஓய்வெடு, ‘டேக் எ பாத்’ என்றால் குளி, ‘டேக் எ சீட்’ என்றால் உட்கார். ரயிலில் போகிறோம், மருந்தைச் சாப்பிடுகிறோம், தேர்வை எழுதுகிறோம். ஒரு வேலையை முடிக்க நேரம் ஆகிறது அல்லது பிடிக்கிறது. ‘இரண்டு மணி நேரம் எடுக்கும்’, ‘அவர் முயற்சி எடுத்தார்’ என்றெல்லாம் எழுதுவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘முயன்றார்’ என்ற ஒரு சொல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஆனால் ‘புகைப்படம் எடு’, ‘முடிவெடு’ ஆகியவை நன்றாக வேரூன்றிவிட்டன. அவற்றைத் திருத்தப் புகுவது வீண் வேலை.

பொருள் மெலிந்த வினை நமக்குப் புதிதன்று. ‘கற்றுக்கொள்’, ‘பார்த்துக்கொள்’ என்பவற்றில் வரும் ‘கொள்’ எதையும் கையில் வாங்குவதில்லை. செயலின் பயனோ பொறுப்போ செய்பவரைச் சேர்வதை மட்டுமே குறிக்கிறது. இதை உணர்ந்தவருக்கு ‘டேக்’ அந்நியமாகத் தோன்றாது.

அச்சொல்லே ஆங்கிலத்துக்கு வெளியிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியில் பற்றுதலைக் குறித்த ‘தாகா’, பழைய ஆங்கிலத்தில் அதுவரை வழங்கிய ‘நிமன்’ என்ற சொல்லை மெல்ல மெல்ல விலக்கிவிட்டது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் ‘நேமன்’ இன்றும் வாழ்கிறது. ஆங்கிலத்திலோ மரத்துப்போன நிலையைக் குறிக்கும் ‘நம்ப்’ என்ற சொல்லில் பழைய வினையின் சுவடு ஒளிந்திருக்கிறது: ஏதோ ஒன்றால் பற்றப்பட்டு உணர்விழந்தது என்பது அதன் மூலப்பொருள்.

உங்கள் அச்சம் நியாயமாகும் இடம் ஒன்று உண்டு. ‘டேக் ஆஃப்’ என்பது உடையைக் களைவது, விமானம் மேலெழுவது, ஒருவரைப் போல நடித்துக் காட்டுவது ஆகிய மூன்றையும் குறிக்கும். ‘டேக் இன்’ என்பது புரிந்துகொள்வதையும் ஏமாற்றுவதையும், தையலில் உடையைப் பிடித்துச் சிறிதாக்குவதையும் குறிக்கும். இங்கே பக்கத்துச் சொல் முழுமையாக வழிகாட்டாது; ஒவ்வொரு சேர்க்கையையும் தனிச்சொல்லாக எண்ணி, அது வரும் வாக்கியத்தோடு சேர்த்தே கற்க வேண்டும்.