ஊசி ஏன் இறங்குகிறது? பழைய இஞ்சின், ஆயில் பிரஷர்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் முப்பத்தோரு வருஷம் பட்டறை நடத்தினேன். இப்போது கை கொஞ்சம் நடுங்குகிறது, வாய் நடுங்கவில்லை. பழைய பெட்ரோல் இஞ்சினில் ஆயில் பிரஷர் குறைகிறது என்றால் கேளுங்கள். அம்பாசடர், ஹெரால்டு, எம்ஜி, டிரையம்ப் எதுவானாலும் சரி. கம்ப்யூட்டர் வைத்த வண்டிக்கு நான் ஆளில்லை. ஊர்ப் பெயரோடு வருவது கேட்கிறவர் பேச்சு, அதன் கீழே வருவது என் பதில்.

கும்பகோணம்: மாமா விட்டுப்போன 1968 எம்ஜிபி கார் சார். காலையில் ஆயில் பிரஷர் கேஜ் 65 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) காட்டுகிறது. தஞ்சாவூர் போய்த் திரும்பினால் ஐடிலில் (வண்டி நின்று இஞ்சின் மட்டும் ஓடும்போது) 8, மூவாயிரம் ஆர்பிஎம்மில் 30. ஆயில் பம்பை மாற்றச் சொல்கிறார்கள்.

இப்போதைக்குப் பம்பில் கை வைக்காதீர்கள் தம்பி. இஞ்சின் சூடான பிறகு ஓட்டத்தில் 50 முதல் 80 வரை, ஐடிலில் 10 முதல் 25 வரை என்பது அந்த வண்டிக்கான கணக்கு. உங்களுக்கு இரண்டுமே கீழே. ஆனாலும் முதலில் கேஜைச் சந்தேகப்படுங்கள். ஐம்பது வருஷக் கேஜ் அது. வேறு ஒரு நல்ல கேஜை பிளாக்கிலேயே நேராக மாட்டிப் பாருங்கள். இதை இன்று பத்துத் தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

அதிலும் 8தான் என்றால் விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பம்ப் ஆயிலைத் தள்ளும். போகிற வழி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பிரஷர் நிற்கும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வருகிறது. கரை முழுக்க நண்டு வளை. தலைமடையில் எவ்வளவு விட்டாலும் கடைமடைக்கு ஈரம்தான் எட்டும், இல்லையா? இங்கே வாய்க்கால் என்பது ஆயில் கேலரி, பிளாக்குக்குள் ஆயில் ஓடுகிற வழி. தேய்ந்துபோன மெயின் பேரிங்கும் (கிராங்கைத் தாங்குவது) பிக் எண்டும் (கனெக்டிங் ராடின் அடிப்பக்கப் பேரிங்) நண்டு வளை. மேலே இருக்கிற ராக்கர் ஷாஃப்ட்தான் (வால்வை அழுத்துகிற ராக்கர்களின் தண்டு) கடைமடை. சூட்டில் ஆயில் இளகினால் வளைகளில் சரசரவென்று ஒழுகிவிடும். காலை 65, திரும்பி வந்தால் 8 என்கிற கதை அதுதான்.

அடுத்து இஞ்சின் அடியில் இருக்கிற ஆயில் தொட்டியை, அதாவது ஆயில் சேம்பரைக் கழற்றுங்கள். ஒரே ஒரு பிக் எண்ட் கேப்பை எடுத்து, பேரிங் ஷெல்லை ஜன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒரே சீராக மங்கிய சாம்பல் நிறம் என்றால் உயிர் இருக்கிறது. நடுவில் செம்பு பல்லைக் காட்டினால் காலம் முடிந்தது. அப்படியே கிராங்க் ஜர்னலின் (பேரிங்குக்குள் சுழலுகிற பகுதி) குறுக்கே நகத்தை இழுங்கள். நகம் தடுக்கினால் கிராங்குக்குக் கிரைண்டிங்தான்.

பம்ப் அங்கேயேதான் இருக்கும், அதையும் அளந்துவிடலாம். ரோட்டர் முனைகளுக்கு நடுவே 6 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), மேல்மட்டத்தில் 5 தௌ, வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் நடுவே 10 தௌ. இதைத் தாண்டினால் மாற்றுங்கள், தாண்டாவிட்டால் பணத்தைப் பையில் வையுங்கள்.

மன்னார்குடி: எந்த ஆயில் ஊற்றலாம்?

20டபிள்யூ-50, மினரல். நம் ஊர் சித்திரை வெயிலில் இந்த இஞ்சின்களுக்கு அதற்குக் கீழே போக வேண்டாம்.

திருத்துறைப்பூண்டி: வயலில் பழைய லிஸ்டர் வகை டீசல் இஞ்சின். அதற்கும் பிரஷர் பார்க்க வேண்டுமா?

அது தெறிப்பு முறை. கனெக்டிங் ராடு அடியில் இருக்கிற டிப்பர் ஆயிலை வாரி இறைக்கும். ஆயில் மட்டத்தையும் டிப்பரையும் பாருங்கள், கேஜுக்கு அங்கே வேலை இல்லை.

திருவாரூர்: நானும் மெக்கானிக்தான். இவ்வளவு சுற்றுவானேன்? ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாஷர் போட்டால் ஊசி ஏறிவிடும். முப்பது வருஷமாகப் போடுகிறேன், ஒரு வண்டியும் திரும்பி வந்ததில்லை.

திரும்பி வராததற்கு வேறு காரணமும் இருக்கலாம் அண்ணே!

ரிலீஃப் வால்வு என்பது ஏரியின் கலிங்கு. நீர்மட்டம் அளவைத் தாண்டினால் மிச்சத்தை வெளியே விடும். கலிங்கில் பலகை போட்டு உயர்த்தினால், கரை கெட்டியாக இருக்கிற ஏரியில் மட்டம் ஏறும். இந்தத் தம்பியின் ஏரியில் தண்ணீர் கலிங்கையே தொடவில்லை. அந்த வால்வு திறப்பது சுமார் 70 பவுண்டில். சூட்டில் 30 இருக்கும்போது அது மூடித்தானே கிடக்கிறது? மூடின கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் எதற்கு?

திருவாரூர்: ஸ்பிரிங் தளர்ந்திருந்தால்?

நியாயமான கேள்வி. தளர்ந்தால் வால்வு சீக்கிரமே திறந்துகொள்ளும், பிரஷர் குறையும். உங்கள் வாஷர் வேலை செய்த வண்டிகள் எல்லாம் அந்த ரகமாகத்தான் இருக்கும். ஆனால் இந்த வண்டி காலையில் 65 காட்டுகிறது. ஸ்பிரிங் செத்திருந்தால் காலையிலும் ஏறாது.

மயிலாடுதுறை: வால்வு சீட்டில் குப்பை மாட்டியிருந்தால் காலையில் ஏறி, சூட்டில் இறங்கும் அல்லவா?

சபாஷ். இறங்கும். அதனால் பிளாக்கின் பின்பக்கம் இருக்கிற அந்தத் தொப்பி நட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கையும் வால்வையும் துடைத்துப் பார்ப்பது சேம்பரில் கை வைக்கும் முன். நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து ஸ்கேல் வையுங்கள், எம்ஜிபிக்கு 3 அங்குலம். குறைந்தால் புது ஸ்பிரிங். வாஷர் வேண்டவே வேண்டாம்.

திருவாரூர்: புது ஸ்பிரிங் எங்கே கிடைக்கிறது? வாஷர் எட்டணா.

வாஷர் எட்டணா, கிராங்க் எவ்வளவு? வாஷர் போட்டு வால்வை இறுக்கினால், மார்கழிக் குளிரில் கெட்டியான ஆயில் வெளியேற வழியில்லாமல் ஃபில்டர் சீலைப் பிதுக்கும். பம்பை ஓட்டுகிற பல்லுக்கும் சுமை. அம்பாசடர் இஞ்சினும் எம்ஜி இஞ்சினும் ஒரே பிஎம்சி பி சீரிஸ் குடும்பம்தான், இரண்டுக்கும் இந்தப் பேச்சு பொருந்தும். இதோடு வாஷரை மூடிவிடலாம் அண்ணே, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

நாகப்பட்டினம்: கஜா புயலில் மூழ்கிய அம்பாசடர். டிப் ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கிற கம்பி) ஆயில் டிகாஷனில் பால் விட்ட நிறம்.

அது தண்ணீர். 2018லிருந்து அப்படியே நிற்கிறதா? ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயிலை வடித்து, சேம்பரைக் கழற்றிக் கழுவி, பேரிங்குகளில் துரு பாருங்கள். பிரஷர் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

திருவாரூர், வேறொருவர்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. கிளட்சை மிதித்தால் இஞ்சின் சத்தம் மாறுகிறது. பிரஷரும் குறைவு.

வண்டியை இப்போதே நிறுத்துங்கள். ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், நீங்கள் முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது முன்னும் பின்னும் நகர்ந்தால், கிராங்கை அப்படி நகராமல் தடுக்கிற த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, கீழே விழுந்தும் இருக்கலாம். அப்படியே ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வியாதி, அதே குடும்ப இஞ்சின். இன்னொன்று, டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். உங்கள் பெட்ரோல் பம்ப் இஞ்சினிலேயே மாட்டியது. அதற்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் சேம்பருக்குள் இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கும்.

பட்டுக்கோட்டை: என்ன ஆயில் நல்லது?

மன்னார்குடிக்குச் சொன்னதுதான்.

சீர்காழி: ஆயிலைக் கெட்டியாக்கும் டப்பா மருந்து ஊற்றினால் ஊசி ஏறுமா?

ஏறும். வண்டியை விற்கப் போகிறீர்களா?

திருவையாறு: ஆயில் 40 நம்பர் போடலாமா?

கேஜ் மாட்டிப் பார்த்தீர்களா? பார்த்துவிட்டு வாருங்கள்.

கும்பகோணம், எம்ஜிபி தம்பி மறுபடி: கேஜ் மாட்டினேன் சார், சூட்டில் 9. ஸ்பிரிங் சரியாக 3 அங்குலம், வால்வு சுத்தம். ஒரு கேப் கழற்றினேன். நடுவில் செம்பு தெரிகிறது. நகம் தடுக்கவில்லை. பம்ப் அளவுக்குள் இருக்கிறது.

நல்ல வேலை. பேரிங் ஷெல்லின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், அளவு அடித்திருக்கும். ஜர்னலை லேத் பட்டறையில் மைக்ரோமீட்டர் வைத்து நான்கு இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வட்டமாக இருந்தால் அதே அளவில் புது ஷெல், மெயினுக்கும் சேர்த்து. முட்டையாகியிருந்தால் கிரைண்ட் செய்து அடுத்த அண்டர்சைஸ் ஷெல், அதாவது சிறுத்த ஜர்னலுக்கு ஏற்ற ஷெல்.

மாட்டும்போது ஒன்று. பம்பைக் கழற்றியதால் உள்ளே ஆயில் இருக்காது. நான் பட்டறை ஆரம்பித்த புதிதில் ஒரு அம்பாசடரில் இதை மறந்து சாவியைத் திருப்பினேன், புது ஷெல் ஒரு நிமிஷத்தில் போயிற்று, காசு என் கையிலிருந்து. பம்புக்குள் ஆயிலை நிரப்பியே மாட்டுங்கள். பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஊசி எழும் வரை ஸ்டார்ட்டரில் மட்டும் சுற்றுங்கள். ஊசி எழுந்த பிறகு பிளக்கை மாட்டலாம்.