வாசகர் கேள்வி: மோட்டார்ஹோம் ஜன்னலுக்கு எந்தத் திரை?

கேள்வி: மெல்பனில் இருக்கிறோம். ஜனவரியில் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகிறோம். வெயிலுக்கும், எட்டிப் பார்க்கிறவர்களுக்கும் உள்ளே துணித் திரை போட்டால் போதுமா?

பதில்: போதாதுங்க. ஜனவரி அங்கே கோடை, பகலில் 36 டிகிரி சர்வசாதாரணம். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்து திரையில் விழுந்தால் அந்தச் சூடு வண்டிக்குள்ளேயே சுற்றும், அதனால் முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கம் மாட்டுகிற உறையாக வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். உறை வலை மாதிரித் துணியாக இருந்தால் பகலில் நன்றாக மறைக்கும். ராத்திரி உள்ளே விளக்கைப் போட்டதும் நீங்கள் சாப்பிடுவதுகூட வெளியே தெரியும், அப்போது கனமான திரையையும் இழுத்துவிட வேண்டும்.

பக்கவாட்டு ஜன்னல்கள் பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரி தெரியும் பிளாஸ்டிக். விரலால் தட்டிப் பாருங்கள், கண்ணாடி மாதிரி 'டிங்' என்று கேட்காமல் மந்தமாகக் கேட்கும். அதில் கறுப்பு ஃபிலிம் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள், சூடேறி வளைந்துவிடும், விரிசலும் விடலாம். திரையை ஜன்னலில் ஒட்டவைக்கும் ரப்பர் உறிஞ்சிகள் வெயிலில் கழன்று விழும். அழுத்து பொத்தான் வைத்ததே நல்லது. அப்புறம், எல்லாவற்றையும் மூடிவிட்டு கூரை வென்ட்டையும் (கூரையில் இருக்கும் காற்றுத் திறப்பு) சாத்திவிடாதீர்கள், சூடு வெளியேற அதுதான் வழி.