கடல் சூடாகிறது என்று பெரிய என்ஜினுக்கு முன்பணம் வாங்கலாமா?

கேள்வி: வேம்பாரில் பைபர் படகு வைத்திருக்கிறேன். சில ஆண்டுகளாகச் சித்திரை, வைகாசியில் கரைக்கடல் கொதிக்கிறது, பாடு (வலையில் விழும் மீன்) குறைகிறது. மாதம் பணம் கட்டினால் செயற்கைக்கோளில் பார்த்து மீன் நிற்கும் இடத்தைச் சொல்வதாக ஒருவர் வருகிறார். எங்கள் மீனை ஏலம் விடும் ஏலக்காரரோ பெரிய என்ஜின் போட முன்பணம் தருகிறேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: மாதக் கட்டணமும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம்.

நீங்கள் உணரும் சூடு உண்மைதான். 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேல்நீர் சராசரியாக 1 டிகிரி சூடேறியிருக்கிறது. நமக்கு அது அற்பம், மீனுக்கு அப்படியல்ல. சூடான மேல்நீர் உலைமூடி போலக் கிடந்து, அடியிலுள்ள குளிர்ந்த, சத்துள்ள நீரை மேலே வரவிடாது. அப்போது மீன் தள்ளிப் போகும், அல்லது இறங்கிப் போகும். ஒரு காலத்தில் கேரளக் கரையின் சொத்தாக இருந்த மத்தி, நம் கரைப்பக்கமும் பெருகியது முதல் வகை. அயிலை இரண்டாம் வகை. பிடிபட்ட அயிலையில் 1985-89இல் 2 சதவீதம்தான் அடிமடி (கடல் தரையை ஒட்டிய வலை) இழுக்கும் விசைப்படகுகளில் விழுந்தது. 2003-07இல் அது 15 சதவீதம். இறங்கிப்போன மீனுக்குப் பெரிய என்ஜின் எதற்கு? மிதப்புக் கயிற்றை இரண்டு பாகம் (இரு கையும் விரித்த நீளம் ஒரு பாகம்) நீட்டி, வலையைத் தாழவிட்டுப் பாருங்கள். கயிற்றுச் செலவோடு முடியும்.

செயற்கைக்கோள் விஷயத்துக்கு வருகிறேன். ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு மையம் இருக்கிறது. மேல்நீரின் சூட்டையும் பாசியின் பச்சையையும் வைத்து, மீன் கூடக்கூடிய இடங்களை இலவசமாக, தமிழிலும் அறிவிக்கிறது. எந்த இறங்குதுறையிலிருந்து, எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்பதெல்லாம் அந்த அறிவிப்புச் சீட்டில் இருக்கும். ஜிபிஎஸ்ஸில் போட அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். உங்களிடம் விற்க வருவது பெரும்பாலும் இதன் நகல்தான்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், அந்த அறிவிப்பு நமக்கு வராது. தடை விசைப்படகுக்குத்தான், நீங்கள் பைபரில் போகலாம். அறிவிப்போ எல்லோருக்கும் நின்றுவிடும். கடல் கொதிக்கும் சித்திரை, வைகாசியில், நீங்கள் தவிக்கும் அதே நாட்களில், கையில் ஒன்றும் இருக்காது. சிறுபடகுக்காரரும் அந்த இரண்டு மாதம் அடுப்பு எரிக்க வேண்டும் என்பது இதை முடிவு செய்கிறவர்களுக்குத் தெரியாதா? இன்னும் எத்தனை கூட்டத்தில்தான் கேட்பது! இந்த இடைவெளியில்தான் ஆசாமிகள் நுழைகிறார்கள். 'இன்றைய இடம்' என்று மே மாதம் ஒருவர் வாட்ஸ்அப்பில் விற்ற படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தேதி இருந்த இடத்தில் மட்டும் எழுத்து தடித்திருந்தது. பழைய சீட்டுகளோடு ஒப்பிட்டால், அது மார்ச் மாதத்துச் சீட்டு. உங்களிடம் வருகிறவரிடம் நம் கரைக்கான இன்காய்ஸின் மே மாதச் சீட்டைக் கேளுங்கள். எடுத்து நீட்டினால் அது பொய்ச் சீட்டு, ஆளை அனுப்பிவிடுங்கள். மேகமூட்ட நாட்களிலும் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது, அறிவிப்பு வராது, அப்போதும் இதே கதைதான்.

முன்பணம் இதைவிட ஆபத்து. வட்டியே இல்லை என்பார் ஏலக்காரர். ஆனால் உங்கள் மீனை அவரே எடுப்பார், வெளியாள் விலை கேட்க முடியாது. கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்தாலும் 200 கிலோ மீனில் 2,000 ரூபாய் அன்றே போயிற்று, கமிஷன் தனி. அசல் அப்படியே நிற்கும். பெரிய என்ஜின் குடிக்கும் எண்ணெய்க்கு மறுபடியும் அவர் வாசலில்தான் நிற்பீர்கள். இப்படித் தகப்பன் வாங்கிய முன்பணத்துக்கு மகன் மீன் அளந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

விவசாயிகளுக்கு வங்கி தரும் கடன் அட்டையான கிசான் கிரெடிட் கார்டு, 2018-19 முதல் மீனவர்களுக்கும் உண்டு. எண்ணெய், ஐஸ், வலைச் செலவுக்கு அதில் எடுக்கலாம். வங்கியில் நிலப் பட்டா கேட்டு உங்களை அலைக்கழிப்பார்கள். கடலில் பிழைப்பவர் எந்தப் பட்டாவைக் காட்டுவார்? படகின் பதிவுச் சான்றையும் மீன்பிடி உரிமத்தையும் மேசையில் வையுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பதிவு காலாவதியாகியிருந்தால், வங்கிக்குப் போகும் முன்பே மீன்வளத் துறை அலுவலகத்தில் புதுப்பித்துவிடுங்கள்.