துபாய் தூரமும் திருப்பூர் தூரமும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரிப் பக்கம். பெயர் போட வேண்டாம். என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது வீட்டில் பெரிய சண்டை. தோட்டக் கூலி போதவில்லை, கடன் வேறு. கோபித்துக்கொண்டு கீழே போனவன், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக ஒன்பது வருடம் இருந்துவிட்டேன். பணம் அவ்வப்போது அனுப்பினேன், வீட்டுக்கு வரவில்லை. இந்தச் சித்திரையில்தான் திரும்பி வந்து என் தங்கை வீட்டில் இருக்கிறேன். மகள் இப்போது பத்தாவது, அவள் அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனால் 'வாங்க' என்பாள், தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள், உள்ளே போய்விடுவாள். 'அப்பா' என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.

போன மாதம் 'பேரன்பு' பார்த்தேன். என்னையே பார்த்தமாதிரி இருந்தது. ராத்திரியெல்லாம் அழுதேன். மகளையும் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு 'ரொம்ப ஸ்லோ' என்று மட்டும் மெசேஜ் போட்டாள். என் அப்பா சிலோனிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்தவர். அங்கே நின்றுபோன தன் அண்ணனைச் சாகும்வரை அவர் பார்க்கவில்லை. அதற்காக யாரும் யாரையும் வெறுக்கவில்லையே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு கல்லாகிவிட்டதா? இல்லை, சினிமாவில் வருவதெல்லாம் வெறும் சென்டிமென்ட்தானா? அவளுக்கு வேறு எந்தப் படத்தைக் காட்டலாம், சொல்லுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சென்டிமென்ட் என்ற சொல்லை நாம் ஒரு வசையாக்கி வைத்திருக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ராம் இயக்கிய 'பேரன்பு' 2019 பிப்ரவரியில் வெளியானபோது தியேட்டரில் நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. மூளை முடக்குவாதம் உள்ள பதின்வயது மகள் பாப்பா. துபாயில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும் அப்பா அமுதவனாக மம்மூட்டி. இனி உன் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டு மனைவி ஸ்டெல்லா போய்விடுகிறாள். கொடைக்கானல் பக்கம் எடுத்த அந்தத் தண்ணீரோரத் தனி வீட்டில், தன்னை யாரென்றே தெரியாத மகளோடு அவர் தனியாக நிற்கிறார். அவளைச் சிரிக்கவைக்க ஆடிப் பாடி என்னென்னவோ செய்து பார்க்கிறார். அவள் அசைந்து கொடுப்பதில்லை. படத்திலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். இசையைக் கூட்டி அவளை ஓடிவந்து கட்டிக்கொள்ள வைத்திருக்கலாம், ராம் அதைச் செய்யவில்லை.

நான் இருப்பது அருவங்காட்டில். ஊட்டி மலை ரயிலில் அடுத்த ஸ்டேஷன் கேத்தி. 1982-ல் வந்த 'மூன்றாம் பிறை' முடிகிற ஸ்டேஷன் அது, இன்றைக்கும் அதைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். அங்கேயும் ஒருவன் குட்டிக்கரணம் போட்டு, குரங்கு மாதிரி குதித்துக் காட்டுகிறான். ரயிலில் இருக்கும் பெண்ணுக்கு அவனைத் தெரியவில்லை. இந்த இரண்டு காட்சிகளையும் நான் அடிக்கடி சேர்த்து நினைப்பதுண்டு. ஒருத்திக்கு எல்லாம் மறந்துபோயிற்று. இன்னொருத்திக்கு அவரோடு பழக்கமே இல்லை. உங்கள் மகள் இந்த இரண்டு பேர் மாதிரியும் இல்லை, தம்பி. ஆறு வயதுப் பிள்ளைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். நீங்கள் கிளம்பிய அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தீர்கள் என்றுகூட அவளால் சொல்ல முடியும்.

பேரன்பில் கதை சொல்கிற குரல் அமுதவனுடையது. அவருடைய தவிப்பு, அவருடைய பயம், அவருடைய குற்ற உணர்ச்சி. அதனால்தான் உங்களுக்கு உங்களையே பார்த்தமாதிரி இருந்தது. உங்கள் மகள் அந்தப் படத்தில் தன்னைத் தேடியிருந்தால் யாரைப் பார்த்திருப்பாள்? தன் மனக்குறையை வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு பெண்ணை. அம்மாவைத் தேடியிருந்தால்? அத்தனை வருடம் பாப்பாவைத் தூக்கிச் சுமந்த ஸ்டெல்லாவின் நாட்கள் திரைக்கு வரவே இல்லை, அவள் விட்டுப்போனதுதான் வருகிறது. உங்கள் வீட்டில் அந்த ஒன்பது வருடத்தைச் சுமந்தது உங்கள் மனைவி. மகள் அதைக் கூடவே இருந்து பார்த்தவள்.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் சங்கடமான விஷயம். வயதுக்கு வந்த பெண்ணின் உடம்பைப் பற்றியும் அவளுக்குள் எழும் ஆசைகளைப் பற்றியும் பேசுகிற படம் அது. தைரியமாகவும் அக்கறையாகவும் பேசுகிறது, அதற்காகவே அதை மதிக்கிறேன். ஆனால் ஒன்பது வருடம் கழித்து வந்த அப்பா பார்க்கச் சொன்ன படத்தில் இதெல்லாம் வரும்போது பதினைந்து வயதுப் பெண் எவ்வளவு கூசிப்போயிருப்பாள்! அந்தக் கூச்சத்தை அவள் 'ரொம்ப ஸ்லோ' என்று சொல்லிக் கடந்திருக்கிறாள். அதில் கல் மனசு எங்கே இருக்கிறது?

சிலோன் கதைக்கு வருகிறேன். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். அங்கே இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் அங்கேயே என்று எண்ணிக்கை போட்டுப் பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பத்து வருடம் கழித்து, 1974-ல், பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் தம்பி ஆளுக்கொரு தேசமானார்கள். உங்கள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் கடலும் பாஸ்போர்ட்டும் இரண்டு அரசாங்கமும் இருந்தன. யாரை நொந்துகொள்வது? அமுதவனுக்கும் நடுவில் ஒரு கடல் இருந்தது. திருப்பூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் என்ன இருக்கிறது? விடிகாலையில் பஸ் ஏறினால், மேட்டுப்பாளையத்தில் மாறி, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இந்தக் கணக்கை உங்கள் மகள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் போட்டிருப்பாள்.

கடுமையாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். எனக்கும் அப்படி ஓர் அப்பா இருந்தார். எனக்கு ஏழு வயதில் கீழே போனவர், பதின்மூன்று வயதில் திரும்பி வந்தார். அதுவரை என் ரேங்க் கார்டில் பெற்றோர் கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாவின் கைநாட்டுதான் இருக்கும். கொழுந்து பறித்துப் பறித்து அம்மாவின் பெருவிரல் கறுத்துத் தேய்ந்திருந்தது. ரேகையே விழாது, ஒரு நீலத் திட்டுத்தான் விழும். அப்பா அழகாகக் கையெழுத்துப் போடுவார். வந்த மாதமே கார்டைக் கையில் எடுத்து, "இனிமே நான் போடறேன்" என்றார். நான் பிடுங்கிக்கொண்டு போய் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்கள் தோட்டத்தில் கரடி நடமாட்டம் அதிகம். காலையில் பனிமூட்டத்தில் பஸ் நிற்கும் இடம் வரை நான் நடந்து போக வேண்டும். அவர் டார்ச் லைட்டோடு பத்தடி பின்னால் வருவார். பேச மாட்டார். பஸ் வந்ததும் திரும்பிப் போய்விடுவார். கரடி போன பிறகும் வந்தார். ஏறக்குறைய இரண்டு வருடம்.

அதனால் வேறு எந்தப் படமும் காட்ட வேண்டாம், தம்பி. அவள் என்ன பார்க்கிறாள் என்று கேளுங்கள். கொரியன் சீரியலாக இருந்தாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து புரியாவிட்டாலும் பாருங்கள். ஏன் ஒன்பது வருடம் வரவில்லை என்பதை ஒரு நாள், அவள் அம்மாவும் இருக்கும்போது, உங்கள் வாயால் சொல்லுங்கள். மம்மூட்டி சொல்ல வேண்டாம். அழாமல் சொல்லுங்கள், ஏனென்றால் நீங்கள் அழுதால் உங்களைத் தேற்றுகிற வேலையும் அவள் தலையில் விழும். சொல்லி முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். அவள் உள்ளே எழுந்து போனால் போகட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போங்கள். 'அப்பா' என்ற சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள்.

பத்தாவது அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, ஒரு நாள் அந்தப் பாதையிலேயே திரும்பி நின்று ரேங்க் கார்டை அப்பாவிடம் நீட்டினேன். ஏன் அன்றைக்கு நீட்டினேன் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. முந்தின நாள் ராத்திரியே அம்மா கைநாட்டு வைத்திருந்தார். அப்பா டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முழங்காலில் கார்டை வைத்து, அந்த நீலத் திட்டுக்குப் பக்கத்தில், அதன்மேல் படாமல், சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.

அன்புடன்
அக்கா