ஷேலில் ஆசிட் விட்டால் விரிசல் நீளுமா?

எரிவாயு எடுக்கக் கிணற்றுக்குள் திரவத்தை அழுத்தி அனுப்பிப் பாறையை உடைக்கும் ஹைட்ராலிக் பிராக்சரிங்கில் ஆசிட் கொடுத்தால், களிமண் இறுகி உண்டான ஷேல் பாறையில் விரிசல் நீளமாக வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ப்ராஜெக்ட் எழுதும் மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன், களத்தில் இருப்பவர்கள் பிரஷர் எவ்வளவு குறையும் என்றுதான் முதலில் கேட்பார்கள்.

நீளும் என்று அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பாறை உடையத் தேவையான அழுத்தம் குறையும், அது நிஜம். 15% ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை முதலில் அனுப்புவதே பெரும்பாலும் அதற்குத்தான், கேசிங்கில், அதாவது கிணற்றுக்குள் இறக்கிய இரும்புக் குழாயில், போட்ட துளைகளை அடைத்திருக்கும் சிமென்ட் தூளையும் பக்கத்திலுள்ள கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தையும் கரைத்து வழிவிடும். அதற்கப்புறம் விரிசல் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு, கால்சைட் எவ்வளவு என்பதோடு அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதை யாரும் கேட்பதே இல்லை.

நான் கோர் சோதனை, அதாவது கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த பாறைத் துண்டுகளில் சோதனை, செய்துகொண்டிருந்தபோது, எக்ஸ்ரே பரிசோதனையில் ஏறக்குறைய ஒரே கால்சைட் அளவு காட்டிய இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்றில் அது பாறை முழுக்கப் பொடியாகக் கலந்திருந்தது. இன்னொன்றில் பழைய இயற்கை விரிசல்களை அடைத்துக்கொண்டு வெள்ளைக் கோடுகளாக ஓடியது. முதல் துண்டு ஆசிட்டில் உடம்பெல்லாம் நுரைத்தது. கழுவிப் பார்த்தால் மேல்தோல் நகத்தில் சுரண்டினாலே உதிர்ந்தது, அறுத்துப் பார்த்தால் உள்ளே பழையபடி கறுப்பாக இறுகிக் கிடந்தது. ஷேலுக்குள் திரவம் ஊடுருவும் திறன் நானோடார்சி கணக்கு, மிக மிகக் குறைவு, ஆசிட் உள்ளே போக வழி ஏது? இரண்டாவதில் கோடுகள் மட்டும் நுரைத்துப் பள்ளமாயின. அதே மாதிரித் துண்டுகளை ஆசிட்டில் ஊறவைத்து, அழுத்தம் கொடுத்து உடைத்தோம். முதல் வகை குறைந்த அழுத்தத்திலேயே நேராகப் பிளந்தது. இரண்டாம் வகையில் விரிசல் கோட்டைத் தொட்டதும் திரும்பி, அதன் வழியே ஓடி, அங்கிருந்து கிளை விட்டது. நீளம் கூடவில்லை, கிளைதான் கூடியது. எரிவாயு எடுப்பவருக்கு அதுவும் லாபம்தான், பாறையைத் தொடும் பரப்பு கூடுகிறதே.

ஆனால் மேல்தோல் இளகினால் விரிசல் மூடாமல் தாங்க அனுப்பும் புரோப்பன்ட் மணல் அதில் புதைந்து, திறந்த விரிசல் மறுபடி குறுகும். இரும்புள்ள குளோரைட் மாதிரிக் களிமண் இருந்தால் கரைந்த இரும்பு பிறகு வீழ்படிவாகி வழியை அடைக்கும்.

'ஊறவைத்த துண்டும் கிணற்றடியும் ஒன்றா' என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது வருவார்கள். ஒன்றில்லை, தெரியும் ஐயா. கிணற்றடிச் சூட்டில் ஆசிட் கால்சைட்டைக் கண்டதும் சீக்கிரம் தீர்ந்துவிடும், தூரத்தில் இருக்கும் விரிசல் முனைக்கு வீரியத்தோடு போய்ச் சேர்வது கஷ்டம். டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு போன்ற, கால்சைட் மாதிரிக் கார்பனேட் கனிமங்கள் நிறைந்த ஷேலுக்குச் சொல்வதைக் குவார்ட்ஸ் மிகுந்த ஷேலுக்கு அப்படியே சொல்லவும் முடியாது. குவார்ட்ஸை ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஒன்றும் செய்யாது.

இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட மனசில்லை. இந்தச் சோதனைகளில் பாதி வேலை துண்டு அறுப்பதுதான். தண்ணீர் விட்டு அறுத்தால் களிமண் ஊதி அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும், எண்ணெய் விட்டுப் பொறுமையாக அறுக்க வேண்டும். எங்களுக்கு அறுத்துக் கொடுத்தவர் ஒரு துண்டைக்கூட உடைத்ததில்லை. வெளியான கட்டுரையில் அவர் பெயர் நன்றி வரியில்கூடக் கிடையாது, அந்த அறைக்குள் கால் வைக்காத இரண்டு பேர் ஆசிரியர் வரிசையில் இருக்கிறார்கள்.