நெல்லைத் தாக்கும் வைரஸும் நெல்லின் எதிர்ப்பும்: கொங்கு விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

பயிர் மஞ்சளாகி நின்றால் போதும், என்ன மருந்து அடிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பயிர் நோயியல் படித்தவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைரஸை நேராகக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வைரஸோடு சண்டை போடுவது நெல் மட்டும்தான். அந்தச் சண்டை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், நாம் எங்கே கை கொடுக்கலாம் என்பதும் தெரியும்.

கேள்வி (கோபி, தடப்பள்ளி பாசனம்): நடவு முடிஞ்சு ஒரு மாசம் ஆகுதுங்க. அங்கங்கே திட்டுத் திட்டா பயிர் குட்டையா, மஞ்சளும் ஆரஞ்சுமா நிக்குது. துத்தநாகக் குறைன்னு கடையில சொன்னாங்க, ஜிங்க் சல்பேட் போட்டும் மாறலைங்க.

பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். 100 மில்லி தண்ணீரில் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடு, 2 கிராம் அயோடின் கரைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் தெரிந்தவர் இருந்தால் வாங்கிவிடலாம். விடியற்காலை ஆறு மணிக்கு முன்னால் இலை நுனியில் பத்து சென்டிமீட்டர் வெட்டி, அந்தக் கரைசலில் கால் மணி நேரம் போட்டு வையுங்கள். கருநீலக் கோடுகள் விழுந்தால் துங்ரோ என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். நல்ல பயிரின் இலை ஒன்றையும் கூடவே போட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வெயில் ஏறிய பிறகு வெட்டினால் இந்தச் சோதனை பயன்படாது. நல்ல இலை பகலில் சேர்த்த மாவுச்சத்தை ராத்திரியில் கரைத்து மற்ற பாகங்களுக்கு அனுப்பிவிடும். நோய் பிடித்த இலையில் அது நகராமல் அப்படியே தேங்கிவிடுகிறது. அயோடின் காட்டுவது அந்தத் தேக்கத்தைத்தான்.

கேள்வி (அந்தியூர், கல்லூரி மாணவி): மனிதர்களுக்கு இருப்பதுபோல நெல்லுக்கும் எதிர்ப்பு சக்தி உண்டா, ஐயா?

உண்டும்மா, ஆனால் அமைப்பு வேறு. நெல்லுக்கு ரத்தமும் இல்லை, அதில் சுற்றி வரும் காவல் செல்களும் இல்லை. ஒவ்வொரு செல்லும் தன்னைத்தானே காத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்.என்.ஏ. என்பது மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகும். நீளமான இரட்டை இழையைக் கண்டதுமே நெல் செல் உஷாராகிவிடும். டைசர் வகைப் புரதங்கள் கத்தரிக்கோல்போல அதை 21 முதல் 24 எழுத்து நீளமுள்ள துண்டுகளாக நறுக்கும். ஆர்கோநாட் என்ற இன்னொரு புரதம் அந்தத் துண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ. எங்கே இருந்தாலும் தேடி வெட்டும். எதிரியின் உடம்பிலிருந்தே அடையாளத்தை எடுப்பதால், முன்பின் பார்க்காத வைரஸைக்கூட நெல் எதிர்க்க முடிகிறது. எனக்கு இதில் பெரிய வியப்பு உண்டு.

இன்னொரு அடுக்கும் இருக்கிறது. வெட்டும் வேலையில் முக்கியமானது ஆர்கோநாட்-1. சாதாரண நாளில் அது அளவுக்கு மீறிப் பெருகாதபடி, நெல்லே ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை வைத்து அதை அடக்கி வைத்திருக்கும். வைரஸ் நுழைந்ததும் ஆர்கோநாட்-18 அதிகமாகி, அடக்கி வைக்கும் அந்தக் குட்டி ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைத்துக்கொள்ளும். கட்டு தளர்ந்து ஆர்கோநாட்-1 கூடும். நெல்லைத் தாக்கும் வேறு இரண்டு வைரஸ்களான கோடு நோய் வைரஸ், குட்டை நோய் வைரஸ் இரண்டிலும் இதைப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள்.

அதே மாணவி: அப்புறம் ஏன் பயிர் தோற்கிறது?

வைரஸும் சும்மா வருவதில்லை. வெட்டும் வேலையைத் தடுக்கும் புரதங்களைத் தானே தயாரிக்கிறது. எந்தச் செல்லில் யார் முந்துகிறார்கள் என்பதில்தான் விளைவு இருக்கிறது. சில வைரஸ்கள் பயிரின் ஹார்மோனிலேயே கை வைக்கும். குட்டை நோய் வைரஸின் ஒரு புரதம், ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்க உதவும் நொதியைப் பிடித்துக்கொள்கிறது. பயிர் குட்டையாவதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி (ஆனைமலை, பழைய ஆயக்கட்டு): துங்ரோவில் ரெண்டு வைரஸ் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமாங்க?

நிஜம்தான். ஒன்று கோல் வடிவம், இன்னொன்று உருண்டை. மஞ்சளும் குட்டையும் பெரும்பாலும் கோல் வடிவ வைரஸின் வேலை. ஆனால் பச்சைத் தத்துப்பூச்சியால் அதைத் தனியாக எடுத்துப்போக முடியாது, உருண்டை வைரஸின் உதவி வேண்டும். உருண்டை வைரஸ் மட்டும் இருக்கும் பயிர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். பச்சையாக நிற்கும் வயலை நம்பிவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி (பவானி): எங்க வயல்ல பூச்சி, பக்கத்து வயல்லயும் பூச்சி. அவங்க ரகம் மட்டும் தப்பிச்சுது. எப்படிங்க?

இரண்டு விதமாகத் தப்பிக்கலாம். சில ரகங்களில் தத்துப்பூச்சிக்குச் சாறு சரியாகக் கிடைக்காது, அதனால் அது தங்காது. இது பூச்சிக்கான எதிர்ப்பு. பூச்சி பழகிக்கொண்டால் சில வருடங்களில் இது போய்விடும்.

இரண்டாவது, வைரஸுக்கே எதிர்ப்பு. வைரஸ் தன் புரதங்களைச் செய்ய நெல்லின் இயந்திரத்தைத்தான் கடன் வாங்குகிறது. இந்தோனேசிய ரகமான உத்ரி மெராவில் அந்த இயந்திரத்தின் ஒரு பாகம், இஐஎஃப்4ஜி என்ற புரதம், கொஞ்சம் மாறியிருக்கிறது. உருண்டை வைரஸால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. நெல்லுக்கு ஒரு குறையும் இல்லை.

புல்குட்டை நோய் என்ற இன்னொரு நெல் வைரஸ் நோய்க்கு எதிர்ப்பு கிடைத்த கதையும் இதில் சேரும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தபோது, உத்தரப் பிரதேசத்துக் காட்டு நெல் ஒன்றில்தான் அந்தக் குணம் இருந்தது. அதைக் கலந்துதான் ஐஆர் 36 போன்ற ரகங்கள் வந்தன. வரப்போரக் காட்டு நெல்லையும் பழைய ரகங்களையும் அழித்துவிடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி (கொடுமுடி): ஆஸ்பிரின் கரைச்சு அடிச்சா எதிர்ப்பு கூடும்னு வீடியோவில் சொல்றாங்க. செய்யலாமுங்களா?

வேண்டாமுங்க. ஆஸ்பிரினுக்கு உறவான சாலிசிலிக் அமிலம் செடிகளின் எதிர்ப்பில் பங்கெடுப்பது உண்மை. ஆனால் நெல் இலையில் அது இயல்பாகவே நிறைய இருக்கிறது. ஜாஸ்மோனிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்ந்துதான் எதிர்ப்பு நடக்கிறது, பல சமயம் ஒன்று கூடினால் மற்றது குறையும். வெளியிலிருந்து ஒன்றை மட்டும் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

கேள்வி (காங்கேயம்): நோய் வந்த வைக்கோலை மாட்டுக்குப் போடலாமா?

தாராளமாகப் போடலாம். நெல் வைரஸ் மாட்டைத் தொடாது. துங்ரோ விதை வழியாகவும் பரவாது.

கேள்வி (கோபி, முதலில் கேட்டவர்): சோதனையில நீலக் கோடு வந்துருச்சுங்க. இப்ப என்ன செய்யறது?

நோய் வந்த தூர் இனி தேறாது. பிடுங்கிச் சேற்றில் மிதித்துவிடுங்கள். ஆனால் முதலில் தத்துப்பூச்சியைக் கட்டுப்படுத்துங்கள். பூச்சியோடு தூரைப் பிடுங்கினால் அது பறந்து பக்கத்துத் தூரில் உட்காரும். அரை மணி நேரம் சாறு குடித்தாலே வைரஸ் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நாலைந்து நாள் வரை பரப்பும். துங்ரோ வரும் பகுதியில் தூருக்கு இரண்டு பூச்சி கண்டாலே கவனிக்க வேண்டும். யூரியாவை அளவோடு நிறுத்துங்கள். கருகருவென்ற பச்சை பூச்சியைக் கூப்பிடும்.

அடுத்த போகத்துக்கு, அறுவடை முடிந்ததும் தாளை உழுதுவிடுங்கள், மறுதாம்பு துளிர்க்க விடாதீர்கள். 20 சென்ட் நாற்றங்காலுக்கு 12.5 கிலோ வேப்பம் புண்ணாக்கு அடியுரமாகப் போடுங்கள். இளம் பயிரில் நோய் விழுந்தால்தான் இழப்பு அதிகம், இரண்டு மாதம் தாண்டிய பயிர் ஓரளவு தாங்கும். முக்கியமாக, வாய்க்காலில் தண்ணீர் விட்டதும் உங்கள் மடைக்காரர்கள் எல்லோரும் பேசி, பத்துப் பதினைந்து நாளுக்குள் நடவை முடியுங்கள். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று நட்டால் பூச்சிக்கு எப்போதும் ஓர் இளம் வயல் காத்திருக்கும்.