உப்பு கரைந்தால் அது எந்த மாற்றம்? வேதியியல் கேள்வி பதில்

கேள்வி: டீச்சர், மோல் என்பது எடையா, எண்ணிக்கையா?

எண்ணிக்கைதான். டஜன் என்றால் 12, மோல் என்றால் 6.022 × 10²³. ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் தேங்காயும் ஒரே எடை இருக்குமா? அதனால்தான் ஒரு மோல் தண்ணீர் 18 கிராம், ஒரு மோல் சமையல் உப்பு 58.5 கிராம்.

கேள்வி: உப்பு தண்ணீரில் கரைவது இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?

பரீட்சையில் இயற்பியல் மாற்றம் என்று எழுதும்மா.

கேள்வி: சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்பு போட்டதும் சிவப்பாகிவிட்டது, ஏன்?

மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும், சோப்பு காரம். எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார், திரும்ப மஞ்சளாகும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும் இதே வேலைதான். சட்டையை நல்ல வெயிலில் காயப்போடு, கறை மங்கும். ஆனால் கறை போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கலந்துவிடாதே, குளோரின் வாயு வரும்.

கேள்வி: ஒரு மோல் எத்தனை கிராம்?

எதன் மோல்? முதல் பதிலைப் படி.

கேள்வி: உப்பு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரியில்லை டீச்சர். சோடியம் அயனியும் குளோரைடு அயனியும் (மின்னூட்டம் உள்ள துகள்கள்) பிரிகின்றன, பிணைப்பு உடைகிறது. அது எப்படி இயற்பியல் மாற்றம்?

பரீட்சைக்கு என்றுதானே சொன்னேன்! நியாயமான சண்டைதான், வா. ஒரு மோல் உப்புப் படிகத்தை அயனிகளாகப் பிரிக்கச் சுமார் 787 கிலோஜூல் வேண்டும், தண்ணீர் மூலக்கூறுகள் அந்த அயனிகளைச் சூழ்ந்துகொள்ளும்போது ஏறக்குறைய அவ்வளவும் திரும்ப வந்துவிடுகிறது, நிகரமாக உறிஞ்சப்படுவது 4 கிலோஜூல் அளவுதான், அதனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. உள்ளே நடப்பது சின்ன விஷயமில்லை. இருந்தாலும் புது அயனி எதுவும் உருவாகவில்லை, படிகத்தில் இருந்தவைதான் கரைசலிலும் இருக்கின்றன, அதைப் பிடித்துக்கொண்டுதான் இயற்பியல் மாற்றம் என்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? காய்ச்சினால் உப்பு திரும்பக் கிடைக்கிறது, அவ்வளவுதானே?

இந்தக் காரணத்தைத்தான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மயில்துத்தத்தை, அதாவது நீல நிறக் காப்பர் சல்பேட் படிகத்தை, சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்கு. நீலம் போய் வெள்ளைப் பொடியாகும், குழாயின் மேல்பக்கத்தில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். ஆறியதும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடு, பட்ட இடம் உடனே நீலமாகும், குழாயும் சுடும். பழையபடி கிடைத்துவிட்டது, ஆனால் அதை வேதியியல் மாற்றம் என்றுதான் சொல்கிறோம். திரும்பக் கிடைக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

கேள்வி: டீச்சர், மோல் எடையா...

மேலே பார் தம்பி. மேலே!

கேள்வி: அமிலத்தில் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. அடர் சல்பியூரிக் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீரில்தான் அமிலத்தை, கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே விட வேண்டும். பிளீச்சிங் பவுடர் பற்றிச் சொன்னதும் ஞாபகம் இருக்கட்டும்.

கேள்வி: நீட்டுக்குக் கரிம வேதியியல் எப்படிப் படிப்பது?

அது என் பாடம் இல்லை. உங்கள் பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: அப்போது சர்க்கரை கரைவது?

அதில் தகராறே இல்லை, சர்க்கரை மூலக்கூறு முழுசாகவே இருக்கும், இயற்பியல் மாற்றம். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைத் தண்ணீரில் விட்டால் ஹைட்ரோனியம் என்ற புது அயனியே உருவாகிறது, அது வேதியியல் மாற்றம். உப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால்தான் இவ்வளவு வாக்குவாதம்.